எங்கள் டிவியில் ஓடிய ரயில்

எட்டாம் வகுப்பு பி பிரிவின் கிழவர்களே, கிழவிகளே,

நமக்கு இன்னும் முப்பது ஆகவில்லைதான். ஆனால் இரண்டு பேருக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள். எனக்குக் காதோரம் நரை. குரூப்பில் யார் எதை எழுதினாலும் "அப்பல்லாம்" என்றுதான் தொடங்குகிறோம். அதனால் அப்படியே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் ஒருவன் கேட்டான்: "நம்ம டிவி லேப்பை ஏன்டா மூடுனாங்க?" சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு பதில் வந்துவிட்டது. பெரிய மிஸ் கரண்ட் பில்லுக்குப் பயந்துவிட்டார் என்றான் ஒருவன். முழுப் பரீட்சை நெருங்கிவிட்டது என்றாள் ஒருத்தி. சனிக்கிழமை அண்ணாவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்று மூன்று பேர் சத்தியமே செய்தீர்கள். நான் எதுவும் எழுதவில்லை. என் பழைய பெஞ்சுத் தோழி மட்டும் தனியாக, "ஏய், உங்க வீட்டு டிவிதானே முதல்ல போச்சு?" என்று கேட்டாள். அவளுக்கும் பதில் போடவில்லை.

அந்த லேப் மூடியதற்குக் காரணம் நான். இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் தீபாவளி முடிந்தும் மழை விடவில்லை, நினைவிருக்கிறதா? செம்பாக்கம் ஏரி நிரம்பி, ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. மழை லீவுக்கு ஈடு கட்டச் சனிக்கிழமைகளிலும் பள்ளி வைத்தார்கள். மைதானத்தில் முழங்கால் தண்ணீர். சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு ஈரமாக ஒட்டும். அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம், ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஓர் ஆள் நம் வகுப்பு வாசலைத் தாண்டி பெரிய மிஸ் அறைக்குப் போனார். கையில் ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸ். நாம் எல்லோரும் ஸ்வீட் என்றே நினைத்தோம். நானும் பெஞ்சுத் தோழியும் சாக்பீஸ் வாங்குகிற சாக்கில் பின்னாலேயே போனோம்.

பாக்ஸைத் திறந்தார். உள்ளே பச்சை நிறத்தில் பன்னிரண்டு அட்டைகள், தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றியிருந்தன. சீட்டுக்கட்டு அளவுதான் ஒவ்வொன்றும்.

"கம்ப்யூட்டர் கொண்டு வரேன்னு சொன்னீங்களே?" என்றார் பெரிய மிஸ்.

"இதான் மிஸ் கம்ப்யூட்டர்."

"சிபியு எங்கே?"

"அதுவும் இதான் மிஸ்."

பெரிய மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். மேஜை மேல் ஈரமாகிவிடாமல் ரெயின்கோட் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு அவர் விளக்கினார். அவர்தான் நம் சனிக்கிழமை அண்ணா, கிழக்குத் தாம்பரத்துக்காரர். ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுக்கிற வேலை. அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து இந்த அட்டைகளை வாங்கியிருந்தார்கள். உள்ளே ஓடுவது லினக்ஸ். அதற்கு விலை கிடையாது, யார் வேண்டுமானாலும் திறந்து உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். சனிக்கிழமை மத்தியானங்களில் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தரட்டுமா? அவருக்குச் சம்பளம் எதுவும் வேண்டாம்.

"மானிட்டர்?"

"அது மட்டும் இல்ல மிஸ். ஆனா பழைய டிவி இருந்தா போதும். முன்னாடி மஞ்சள் கலர்ல ஓட்டை ஒண்ணு கீதுல்ல, விசிடி பிளேயர் சொருகுவோமே, அதுல சொருகிக்கலாம்."

திங்கட்கிழமை எல்லோர் டைரியிலும் எழுதி அனுப்பினார்கள்: வீட்டில் உபயோகத்தில் இல்லாத டிவி இருந்தால் தந்து உதவவும்.

உபயோகத்தில் இருந்த டிவிகள்தான் வந்தன. அந்த வருடம் நம்மில் பாதிப் பேருக்கு அண்ணனோ அக்காவோ பத்தாவதிலோ ப்ளஸ் டூவிலோ இருந்தார்கள். கேபிளை வெட்டியும், ரிமோட்டை அரிசி டின்னில் ஒளித்தும் பார்த்துவிட்டு அலுத்துப்போயிருந்த அம்மாக்களுக்கு அந்த டைரிக் குறிப்பு வரம் மாதிரி வந்து சேர்ந்தது. ஆட்டோவில், பால்காரர் மூன்று சக்கர வண்டியில், ஸ்கூட்டரின் முன்பக்கம் கால்களுக்கு நடுவே என்று டிவிகள் வந்து இறங்கின. எங்கள் வீட்டு டிவியைப் பழைய போர்வையில் சுற்றி, அப்பாவே ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. சின்னவளுக்குக் கம்ப்யூட்டர், பெரியவளுக்குப் படிப்பு" என்று பெரிய மிஸ்ஸிடம் சொல்லிச் சிரித்தார். மாடியில் யாரும் புழங்காத அறிவியல் கூடத்தில் மொத்தம் பதினொரு டிவிகள் வரிசையாக உட்கார்ந்தன.

அந்த அறையை இப்போதும் நான் கனவில் பார்ப்பதுண்டு. ஜன்னல் கண்ணாடிகளுக்கு யாரோ எப்போதோ நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வெளியே மழை வெளிச்சம், உள்ளே நீல வெளிச்சம். டிவிகளைப் போட்டதும் பதினொன்றும் சேர்ந்து மெல்லிசாக ஒரு 'ங்' என்று பாடும். சூடாகும் தூசு வாசனை வரும். கண்ணாடித் திரைக்கு அருகே கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் எழுந்து நிற்கும், நாமெல்லாம் கன்னத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு டிவிக்கும் ஒரு குணம். ஒன்றில் எல்லாம் பச்சையாகத் தெரியும். ஒன்றில் எழுத்துகள் வலது மூலைக்குப் போகப் போக வளையும். ஒன்றைத் தலையில் தட்டினால்தான் விழித்துக்கொள்ளும். கீழே மோட்டார் போட்டால் பதினொன்றும் ஒரு நொடி குலுங்கும். ஏர்ஃபோர்ஸ் விமானம் கூரைக்கு மேலே தாழப் பறந்தால் ஜன்னல் மட்டும் அதிரும்.

பழைய டிவி என்பதால் படத்தின் ஓரங்கள் கண்ணாடிக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து ஒன்றோ இரண்டோ தெரியாது. முதல் நாள் நாம் குழம்பிப்போய் நின்றபோது அண்ணா சொன்னார்: "மொத எழுத்து டிவிக்கு வெளில நின்னுகினு இருக்கு. நீங்களே மனசுல சேத்துக்கங்க."

நாம் சேர்த்துக்கொண்டோம். எனக்கு இன்றும் ஏதாவது போர்டின் முதல் எழுத்து உதிர்ந்துபோயிருந்தால் கண்ணில் படுவதே இல்லை.

பெரிய மிஸ் ஒரு சட்டம் போட்டிருந்தார். டிவி கொண்டுவந்தவர்களுக்கு நாற்காலி, மற்றவர்கள் பின்னால் நிற்கலாம். எனக்கு நாற்காலி கிடைத்தது. அந்த மரநாற்காலியை நான் எவ்வளவு பெரிய பதவியாக நினைத்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

இனி வீட்டுக்கு வருகிறேன். டிவி போன பிறகு எங்கள் ஹாலில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகச் செவ்வகமாகத் தெரிந்தது. அதன் எதிரே பாய் விரித்து அக்கா படித்தாள். என்னைவிட நான்கு வயது பெரியவள். தாம்பரத்தில் வேறொரு பெரிய பள்ளியில் ப்ளஸ் டூ. அந்த வருடம் அவளுக்குப் பெயரே ப்ளஸ் டூ. பக்கத்து வீட்டு மாமி மாடியிலிருந்து, "என்ன ப்ளஸ் டூ, தூங்கறியா?" என்பார். சித்தப்பா போன் செய்தால், "ப்ளஸ் டூ எப்படிப் போகுது? ரிவிஷன்ல எவ்ளோ?" என்றுதான் ஆரம்பிப்பார். அவள் டாக்டராக வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். எப்போது முடிவு செய்தார் என்று யாருக்கும் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே இருக்கலாம்.

அப்பா தினமும் காலையில் தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை போய் வருகிறவர். மாலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "பெரியவ படிக்கறாளா?" என்பார். அம்மா கிச்சனிலிருந்து, "படிக்கறா" என்பாள். அக்கா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கம் திரும்பாது. நான் கவனித்திருக்கிறேன். அரை மணி நேரம் ஒரே பக்கம். அப்போது எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தோன்றியது.

அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, ஏரிக்கரை ரோட்டில் ஒரு சாக்கடை மூடி இல்லாமல் கிடந்து, யாரோ சைக்கிளோடு விழுந்துவிட்டார்கள். அதிலிருந்து என்னை லேப்புக்குத் தனியாக அனுப்ப அம்மாவுக்குப் பயம். "நீ கொண்டுவிட்டுட்டு அங்கேயே வேப்ப மரத்தடில உக்காந்து படிச்சுட்டு கூட்டிட்டு வாடி. காத்தோட்டமா இருக்கும்" என்று அக்காவை அனுப்பினாள். அக்கா பிசிக்ஸ் கைடை எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் வாரம் மரத்தடியில்தான் உட்கார்ந்தாள். இரண்டாம் வாரம் மழை. மேலே வந்து வாசற்படியில் நின்றாள்.

"உள்ள வாம்மா, நனையாத" என்றார் அண்ணா. அவள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். எங்கள் வீட்டு டிவியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். படிப்பு கெட்டுவிடும் என்று அவளிடமிருந்து அனுப்பி வைத்த டிவி.

அன்றுதான் நான் ஒரு கட்டளையைத் தப்பாக அடித்தேன். கோப்புகளைக் காட்டு என்பதற்கு இரண்டு எழுத்து அடிக்க வேண்டும், எல், எஸ். நான் அவசரத்தில் மாற்றி எஸ், எல் என்று அடித்துவிட்டேன். உடனே திரையின் வலது ஓரத்திலிருந்து, கோடும் புள்ளியும் அடைப்புக்குறியுமாகச் சேர்ந்த ஒரு நீராவி ரயில், புகை விட்டுக்கொண்டு மெதுவாக வந்து, இடது ஓரத்துக்குள் போய் மறைந்தது. அறையே எழுந்து ஓடி வந்தது. ஞாபகம் இருக்குமே! அன்று முழுக்க எல்லோரும் வேண்டுமென்றே தப்பாக அடித்துக்கொண்டிருந்தோம்.

"தப்பா அடிச்சா திட்டக் கூடாது, சிரிக்க வைக்கணும்னு எவனோ ஒருத்தன் எழுதி வெச்சிருக்கான். எங்கயோ கீற ஆளு" என்றார் அண்ணா.

அக்கா பின்னாலிருந்து மெல்லக் கேட்டாள்: "இது கரி வண்டியாச்சே. நம்ம எலெக்ட்ரிக் ட்ரெய்ன் வராதா?"

"வரும். யாராவது எழுதுனா."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அக்கா எழுதினாள். "கொஞ்ச நேரம் குடுடி" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு நான் நிற்க ஆரம்பித்தேன். நான்கு வாரத்தில் அவளுடைய ரயில் ஓடியது. முகம் தட்டையான நம் ரயில். சதுர சதுரமான ஜன்னல்கள். ஒன்பது பெட்டி. கீழே ஒவ்வொரு ஸ்டேஷன் பெயராக வரும். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று பீச் வரை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கும். நிறுத்தி வைக்க ஒரு கட்டளை உண்டு, எத்தனை நொடி என்று எண் கொடுத்தால் கம்ப்யூட்டர் அத்தனை நொடி சும்மா இருக்கும். அக்கா அந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போனாள். "ஏம்மா, சிக்னல் போட்டுட்டாங்களா?" என்று அண்ணா கிண்டல் செய்தார். "ஏறி இறங்க டைம் வேணாமா?" என்றாள் அக்கா. பிறகு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, பீச் வரும்வரை முழுதாகப் பார்ப்பாள். நீல வெளிச்சம் அவள் முகத்தில் விழும். வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் எல்லோரும் உங்கள் டிவிகளை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்து நின்றீர்கள். "அக்கா, திரிசூலத்துல பிளேன் விடுங்கக்கா" என்று ஒருவன் கேட்க, அடுத்த வாரம் ஒரு விமானமும் குறுக்கே போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. டிவி எங்கள் வீட்டுடையது என்றால் நாற்காலி என்னுடையது. இது என் பள்ளி. இவர்கள் என் வகுப்பு.

நானும் ஒன்று செய்துகொண்டிருந்தேன். யாருக்கும் நினைவிருக்காது. ஏரியில் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கு. காற்புள்ளியும் சாய்கோடும் வைத்து, வரி வரியாக, பொறுமையாக அடித்தது. அடிவயிற்று வளைவுக்கு மட்டும் ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. நாம் எல்லோரும் எல்லாக் கோப்புக்கும் 'ஏ' என்றுதான் பெயர் வைப்போம், சோம்பேறிகள். ஒரு சனிக்கிழமை அக்கா தன் ரயிலைச் சேமித்தபோது அதே பெயரைக் கொடுத்துவிட்டாள். கொக்கு போய்விட்டது. அண்ணா பத்து நிமிடம் தேடிப் பார்த்தார். "மேல எழுதிட்டா கஷ்டம் பாப்பா" என்றார்.

அக்கா, "சாரிடி, பாக்கல. திரும்பப் போட்டுக்கலாம், நானும் கூட வரேன்" என்றாள். சொல்லிவிட்டு ரயிலை ஓடவிட்டாள். அந்த 'போட்டுக்கலாம்' என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீடு வரும் வழியெல்லாம் நான் அவளுக்கு முன்னால் நடந்தேன்.

அன்று மாலை அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அங்க பெரியவ எங்க உக்காந்து படிக்கறா? கொசு கிசு கடிக்குதா?"

நான் பிரஷ்ஷை நிறுத்தாமல் சொன்னேன்: "அவ எங்க படிக்கறா? டிவில்ல பாத்துட்டிருக்கா."

பொய் இல்லை, பாருங்கள். அதுதான் அதில் இருந்த விஷம். எங்கள் டிவிதான், அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா பேப்பரை மடித்தார். ஒரு வாரம் முழுக்க அந்தப் பேச்சே எழவில்லை. நான் மறந்தே போனேன்.

அடுத்த சனிக்கிழமை நடந்ததில் ஒரு பகுதியை நீங்கள் பார்த்தீர்கள். அன்று மழை இல்லை, ஜன்னல் நீலம் பளிச்சென்று இருந்தது. அக்காவின் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார், கையில் அந்தப் பழைய போர்வையோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குரோம்பேட்டையில் நின்ற வண்டி கிளம்பிப் பல்லாவரம் வந்து நிற்கிறவரை கண்ணை எடுக்கவில்லை.

"வாங்க சார்" என்றார் அண்ணா.

"இங்க என்ன நடக்குது?"

"கோடிங் க்ளாஸ் சார். உங்க பொண்ணு சூப்பரா..."

"க்ளாஸ் எட்டாவதுக்கு. இவ ப்ளஸ் டூ. மார்ச்ல எக்ஸாம். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார். வாரத்துக்கு ஒரு மணி நேரந்தான் சார். ஆனா அவங்களுக்கு இன்னா பொறுமை கீது தெரியுமா சார், நம்ம ஆபீஸ்ல கூட..."

அந்தக் 'கீது'வில் அப்பாவின் முகம் மாறியது. நீங்கள் நீ ஆனது.

"நீ என்ன படிச்சிருக்க?"

"டிப்ளமோ சார்."

"டிப்ளமோ" என்று அப்பா திரும்பச் சொன்னார். "டிப்ளமோவை வெச்சுக்கிட்டு அடுத்தவன் பிள்ளைங்களுக்குப் பொம்மை காட்டிட்டிருக்க. இவ படிப்பு போச்சுன்னா நீ திருப்பித் தருவியா?"

அண்ணா கையில் வைத்திருந்த கீபோர்டை மட்டும் மெதுவாக மேஜை மேல் வைத்தார். பதினொரு டிவியும் 'ங்' என்று பாடிக்கொண்டிருந்தன. அப்பா சுவர் பக்கம் போய் ஸ்விட்சில் கை வைத்தார். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"அப்பா, ஒரு நிமிஷம். ஷட் டவுன் பண்ணிட்டு எடுங்கப்பா. இல்லன்னா மெமரி கார்டு கெட்டுப்போயிடும்."

அப்பா அணைத்தார். திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. வயர்களைப் பிடுங்கிவிட்டு டிவியைப் போர்வையில் சுற்றினார். முடிச்சு இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவைதான் விழுந்தது. கோபம் என்று நினைத்தேன். அந்தக் கார்டு பிறகு திறக்கவே இல்லை. அதில் இருந்தவை அத்தனையும் போயின.

மற்றது உங்களுக்குத் தெரியும், காரணம் தெரியாமல் தெரியும். அப்பா காலை ரயிலில் கூட வருகிற அப்பாக்களிடம், "கம்ப்யூட்டர் க்ளாஸ்னு சொல்லி டிவி போட்டுக் காட்டறாங்க சார்" என்றார். அந்த வாரம் நான்கு டிவிகள் போயின. அதற்கடுத்த வாரம் மீதி. பெரிய மிஸ் அறையைப் பூட்டிவிட்டு, பரீட்சை நேரம் என்று நம்மிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு நாள் அண்ணா கீபோர்டுகளை எடுத்துப்போக வந்தார். மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் நின்றார். "இன்னா பாப்பா, கொக்கு திரும்பப் போட்டியா?" என்று கேட்டார். அவருக்கு என் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. நான் கீழே ஓடிவிட்டேன்.

அக்கா பரீட்சை எழுதினாள். நல்ல மார்க்தான். மெடிக்கல் கட்-ஆஃபுக்குப் போதவில்லை. "அந்த டிவி லேப்தான்" என்று அப்பா ரொம்ப வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ரத்தப் பரிசோதனை படிப்பு படித்து, இப்போது குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் ரோட்டில் கழுத்தில் அடையாள அட்டையோடு சாஃப்ட்வேர் பெண்கள் கூட்டமாகப் போகும்போதெல்லாம், நான் ஒரு வாக்கியத்தில் அவளிடமிருந்து எதை எடுத்துவிட்டேனோ என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போது, தகப்பனார் கல்வித் தகுதி என்ற இடத்தில் எழுதச் சான்றிதழ்க் கோப்பை எடுத்தேன். அப்பாவும் டிப்ளமோ. அவருக்குப் பின்னால் வந்த பட்டதாரிகள் எல்லாம் அவருக்கு மேலே போய் உட்கார்ந்துவிட, முப்பது வருடம் அவர் ஒரே நாற்காலியில் இருந்தார் என்று அம்மா அன்றுதான் சொன்னாள். "அதான் அந்தப் பையனைப் பாத்ததும் அப்படி ஆயிட்டாரு. வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல, தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது. அவர் அன்று சாப்பிட்டாரா என்று நான் பார்த்திருக்கவில்லை.

இவ்வளவையும் குரூப்பில் போடுவதற்கு முன், அண்ணாவைக் கண்டுபிடித்து நேரில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதனால்தான் நேற்று, "சனிக்கிழமை அண்ணா பேர் என்ன? யாருக்காவது தெரியுமா?" என்று போட்டேன். இருபத்திரண்டு பேரும் பார்த்துவிட்டீர்கள் என்று போன் காட்டியது. ஒருவரும் எழுதவில்லை. கடைசியில் ஒருத்தி, "அண்ணான்னுதானே கூப்பிடுவோம்" என்றாள்.

இன்று காலை அக்காவுக்கு போன் செய்தேன். அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள், பையன் பின்னால் கத்திக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பாலிஷ் பிரஷ்ஷிலிருந்து, 'டிவில்ல பாத்துட்டிருக்கா'விலிருந்து. அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"இதைப் போயா இத்தனை வருஷம் வெச்சுட்டிருந்த? லூசு."

"உனக்கு அது எவ்ளோ பிடிச்சிருந்துச்சுக்கா. நீ எங்கயோ போயிருப்ப."

"யார் சொன்னா? கம்ப்யூட்டர் ஒண்ணும் எனக்கு அவ்ளோ பிடிக்கலடி. அதுக்கப்புறம் காலேஜ்ல இருந்துச்சு, நான் தொடவே இல்ல. அந்த ரூம்தான் பிடிச்சது. அங்க நான் ப்ளஸ் டூ இல்ல. ஒரு ஆளு கூட மார்க் கேக்கல." பையனை ஏதோ அதட்டிவிட்டு வந்தாள். "அப்பா அப்படிப் பேசுனதுதான் கஷ்டமா போச்சு. அன்னிக்கி நான் திரும்பிப் போனேன், தெரியுமா உனக்கு?"

அப்பா டிவியோடு ஆட்டோவில் போய்விட, நாங்கள் இருவரும் நடந்து வந்தோம். ஏரிக்கரைத் திருப்பத்தில், "கைடை வெச்சுட்டு வந்துட்டேன், நீ போயிட்டே இரு" என்று அவள் திரும்பி ஓடியது எனக்கு நினைவு வந்தது. கைடு அவள் கையிலேயே இருந்ததும் நினைவு வந்தது.

"சாரி கேக்கப் போனியா?"

"கேக்கத்தான் போனேன். வாய் வரல. அவர் ஒவ்வொரு வயரா சுத்தி ரப்பர்பேண்ட் போட்டுட்டிருந்தார், ஒண்ணுமே நடக்காத மாதிரி. ரெண்டு மாசமா அண்ணா அண்ணான்னு இருந்தோமே, இவர் பேரை யாருமே கேக்கலையேன்னு அப்பத்தான் தோணுச்சு. அதைக் கேட்டேன்."

"சொன்னாரா?"

"வயரைக் கீழ வெச்சுட்டார். சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, நேரா நின்னு, இனிஷியலோட சொன்னார்டி."